நீல் டெய்லரை நாம் தவறவிடவில்லை: கால்பந்து சம்மேளனத்துக்கு ஒரு திறந்த மடல்

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவர், செயற்குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பத்திரிகைக்காரன் இல்லை, கோச் இல்லை, எந்தக் கிளப்புக்கும் முதலாளி இல்லை. வடசென்னையில் ஒரு மாநகராட்சி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத் தடுப்பாட்டம், ஆடுகிறவன். வயது நாற்பத்தொன்று, ஒரு முழங்கால் ரிப்பேர். அவ்வளவுதான் தகுதி. ஆனால் இந்தக் கடிதமே ஒரு லெஃப்ட் பேக்கைப் பற்றியது என்பதால் அது போதும் என்று நினைக்கிறேன்.

2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் 1-0 என்று தோற்றோம். அதற்கு எட்டு மாதம் முன்னால் ஷில்லாங்கில் அவர்களோடு கோலே இல்லாமல் டிரா. அந்த ஷில்லாங் ஆட்டத்தில்தான் ஹம்சா சௌத்ரி முதல்முறையாக வங்கதேச ஜெர்ஸியில் இறங்கினார். இங்கிலாந்தின் லஃப்பரோவில் பிறந்தவர், லெஸ்டர் சிட்டியில் வளர்ந்தவர், எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியவர், அம்மா வங்கதேசத்துக்காரர். டாக்கா தோல்விக்குப் பிறகு நம்ம ரசிகர்களிடம் ஒரே புலம்பல், "அவனுங்களுக்கு ஒரு ஹம்சா கிடைச்சுட்டான், நமக்கு ஏன் ஒருத்தனும் கிடைக்கல?" உங்கள் பக்கமிருந்தும் ஏற்கெனவே அதே பாட்டுதான். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) வைத்திருக்கும் வீரர்களின் பட்டியல் எடுத்திருக்கிறோம், பேசிக்கொண்டிருக்கிறோம், சட்டம்தான் தடை.

இந்தப் பேச்சு ஆரம்பித்தால் பத்தே நிமிடத்தில் ஒரு பெயர் வந்து விழும். நீல் டெய்லர், வேல்ஸ் நாட்டு லெஃப்ட் பேக். "அம்மா கொல்கத்தா. யூரோ, அதான் ஐரோப்பிய நாடுகள் கோப்பை, செமி ஃபைனல் வரைக்கும் ஆடினவன். இந்தியாவுக்கு ஆடியிருக்க வேண்டியவன், விட்டுட்டோம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு உறுத்துகிறது. நம்மிடம் இருந்தால்தானே விடுவதற்கு?

அவர் கதையைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், பரவாயில்லை. 1989 பிப்ரவரியில் வட வேல்ஸில் செயின்ட் அசாஃப் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது ரூதின் என்கிற சின்ன ஊரில். பையன் நன்றாக ஆடுகிறான் என்று மான்செஸ்டர் சிட்டி அகாடமி எடுத்துக்கொண்டது. கொஞ்ச வருஷம் வைத்திருந்தது. பதின்வயதில், போதும் தம்பி, நீ கிளம்பு என்று அனுப்பிவிட்டது.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். கடிதத்தின் முக்கியமான இடம் இதுதான். யூரோ, வெம்ப்ளி எல்லாம் அப்புறம்.

பெரிய கிளப் கழற்றிவிட்ட பையன் அடுத்து எங்கே போனான்? ரெக்ஸம். இன்றைக்கு ஹாலிவுட் நடிகர் ரயன் ரெனால்ட்ஸ் வாங்கியதால் உலகத்துக்கே தெரிந்த ரெக்ஸம் இல்லை, அன்றைய ரெக்ஸம், கஷ்டத்தில் இருந்த கிளப். அங்கே இளைஞர் அணியில் சேர்ந்து மேலே வந்தார். 2007-08 சீசனில் சீனியர் அணிக்கு ஆட ஆரம்பித்தார், அதே சீசனில் கிளப் கவிழ்ந்தது. 87 வருஷமாக ஃபுட்பால் லீகில் இருந்த ரெக்ஸம் 2008-இல் அதிலிருந்து இறங்கி ஐந்தாம் டிவிஷனுக்குப் போனது. டெய்லரும் கூடவே போனார். இரண்டு சீசன் அங்கேதான். ஐந்தாம் டிவிஷன் என்றால் நம்மூரில் சிரிப்பு வரும். ஆனால் அங்கே அதற்கும் ஒழுங்கான அட்டவணை உண்டு, ரெஃப்ரி உண்டு, சம்பளம் உண்டு, மழையில் நனைந்துகொண்டே வந்து பார்க்கிற கூட்டம் உண்டு. ஆகஸ்டில் தொடங்கி ஏப்ரல், மே வரை வாராவாரம் ஆட்டம். பத்தொன்பது வயது லெஃப்ட் பேக்குக்கு முப்பத்தைந்து வயது முரட்டு ஃபார்வர்டு எதிரில் வந்து நின்று தோளால் ஒரு இடி கொடுப்பான். அந்த இடியை எந்த அகாடமியும் கற்றுத்தராது.

2010-இல் ஸ்வான்சி சிட்டி அவரை எடுத்தது. விலை 1,50,000 பவுண்டு. இந்தத் தொகையை இரண்டு கிளப்பும் பேசி முடிக்கவில்லை, தீர்ப்பாயம் ஒன்று உட்கார்ந்து நிர்ணயித்தது. ஒப்பந்தம் முடிந்துபோன பையன்தான், ஆனாலும் 24 வயதுக்குள் இருந்தால் அவனை வளர்த்த கிளப்புக்குப் புதுக் கிளப் ஈடு கொடுத்தே ஆக வேண்டும். அது அங்கே விதி. ரெக்ஸம் மாதிரி பணமில்லாத கிளப்புக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் நேர்கோடு இல்லை. 2011 மே மாதம், பிரீமியர் லீகுக்குப் போவதற்கான பிளே-ஆஃப் அரையிறுதி, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மைதானம். ஆட்டம் தொடங்கி 52-ஆவது விநாடி. காலைத் தூக்கி ஒரு டேக்கிள். நேரே ரெட் கார்டு. மீதி 89 நிமிடம் அவருடைய அணி பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து 0-0 என்று முடித்தது. நானும் ஒருமுறை மூன்றாம் நிமிடத்தில் வெளியே போயிருக்கிறேன், லோக்கல் டோர்னமென்ட்தான், அன்றைக்கு வீட்டுக்கு எந்தத் தெரு வழியாகப் போவது என்று யோசித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. டெய்லருக்கு அது வெம்ப்ளி இறுதியாட்டத்தையே பறித்தது. தடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார், ஸ்வான்சி ரெடிங்கை 4-2 என்று வென்றது, வேல்ஸிலிருந்து பிரீமியர் லீகுக்குப் போன முதல் கிளப் ஆனது.

அந்த இறுதியாட்டத்தில் அவர் இடத்தில் ஆடியவர் ஆலன் டேட். சில மாதம் கழித்து இந்த டேட் கோல்ஃப் மைதானத்து வண்டி விபத்தில் காலை உடைத்துக்கொண்டார் (கால்பந்து வீரர்களுக்கு எங்கேயெல்லாம் அடிபடுகிறது பாருங்கள்). லெஃப்ட் பேக் இடம் டெய்லருக்கு வந்தது, அந்த வருஷம் முழுக்க அசையவில்லை. 2012-இல் லண்டன் ஒலிம்பிக்ஸ், பிரிட்டன் அணியில் இருந்த ஐந்து வேல்ஸ்காரர்களில் ஒருவர், ரயன் கிக்ஸோடு சேர்ந்து. ஒலிம்பிக்ஸ் முடிந்து சில வாரம்தான், செப்டம்பர் 1, சண்டர்லேண்டுக்கு எதிரான ஆட்டத்தில் கணுக்கால் பிசகி எலும்பும் முறிந்தது. சீசன் ஏறத்தாழ காலி. அந்த சீசனில் ஸ்வான்சி லீக் கோப்பையை வென்றது, அதுவும் அவர் இல்லாமல்தான்.

அவர் விழுந்ததும் அந்த இடத்துக்கு யார் வந்தது? பென் டேவிஸ் என்று ஒரு பத்தொன்பது வயதுப் பையன், பக்கத்து ஊரான நீத்துக்காரன். அப்படியே பிடித்துக்கொண்டான், இரண்டே வருஷத்தில் டாட்டன்ஹாம் வாங்கிக்கொண்டு போனது. டெய்லர் திரும்பி வந்து மறுபடி தன் இடத்தில் ஆடினார். டேட், டெய்லர், டேவிஸ், மறுபடி டெய்லர். ஒரே கிளப்பில், ஒரே இடத்தில், ஒருவர் விழுந்தால் அடுத்தவர் தயார். வேல்ஸ் நாடு முழுக்கச் சேர்த்தாலே முப்பது லட்சத்துச் சொச்சம் பேர், சென்னை மாநகராட்சியில் பாதிகூட இல்லை. நம் தேசிய அணியில் ஒரு லெஃப்ட் பேக்குக்கு அடிபட்டால் அடுத்து யார் என்று நாம் எல்லோரும் எவ்வளவு நேரம் யோசிக்கிறோம்?

சரி, 2016. நானும் நண்பர்கள் நாலு பேரும் ராத்திரி முழித்திருந்து பார்த்தோம். ஜூன் 20, துலூஸ், வேல்ஸ் எதிர் ரஷ்யா. இருபதாவது நிமிடம், வேல்ஸ் நட்சத்திரம் பேல் ஓட்டிக்கொண்டு போன பந்து சுற்றி டெய்லர் காலுக்கு வருகிறது, எதிரே கோல்கீப்பர் அகின்ஃபீவ் மட்டும். டெய்லர் அடித்தார், அகின்ஃபீவ் மேலேயே அடித்தார். எங்கள் அறையில் எல்லோரும் தலையில் கை வைத்துவிட்டோம். பந்து திரும்பி அவரிடமே வந்தது, இரண்டாவது தடவை உள்ளே போட்டார். ஆறு வருஷமாக கோலே போடாத மனிதர். வேல்ஸுக்காக ஆடிய 43 ஆட்டங்களில் அவர் போட்ட ஒரே கோல் அதுதான். முதல் அடி வீணாகி, இரண்டாவதில் உள்ளே போன கோல். அவர் வாழ்க்கையே அந்த மாதிரிதான் என்று ராத்திரி ஒன்றரை மணிக்கு என் நண்பன் ஒருவன் தத்துவம் பேசினான், அவனை நாங்கள் பேசவிடவில்லை.

எனக்கு அந்த கோலைவிடப் பிடித்தது அடுத்த வாரம் லில்லில் நடந்தது. காலிறுதி, பெல்ஜியம். ஏழாவது நிமிடமோ என்னவோ, கராஸ்கோ அடிக்கிறார், கோல்கீப்பர் ஹென்னஸி தடுக்கிறார். திரும்பி வந்த பந்தை முன்யே அடிக்கிறார், நேராகக் கோலுக்குள் போக வேண்டிய பந்து, லைன் பக்கத்தில் டெய்லர் உடம்பைக் கொடுத்து நிறுத்துகிறார். அடுத்து ஹசார்டு அடித்தது யார் காலிலோ பட்டு மேலே போகிறது. மூன்று அடி, மூன்று தடுப்பு, சில விநாடிகளுக்குள். அதன் பிறகு பெல்ஜியம் ஒரு கோல் போட்டதும், வேல்ஸ் மூன்று போட்டு வென்றதும், 58 வருஷம் பெரிய போட்டி எதற்குமே போகாத நாடு அரையிறுதி வரைக்கும் போய் போர்ச்சுகலிடம் தோற்றதும் உங்களுக்குத் தெரியும். அந்த அணியில் இடது ஓரம் டெய்லர், அவருக்குப் பக்கத்திலேயே, உள்பக்கம், டேவிஸ். ஒருவர் இடத்தை ஒருவர் பிடித்த இரண்டு பேர், ஒரே அணியில் தோளோடு தோள்.

அப்புறம் "இந்திய வம்சாவளி நட்சத்திரம்" என்று நம்மவர்கள் போடுகிற பட்டியல்களில் வராத ஒன்று. 2017 மார்ச் 24, டப்ளின், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று, அயர்லாந்து கேப்டன் ஷேமஸ் கோல்மன் மீது டெய்லர் பாய்ந்த டேக்கிள். கோல்மனின் கால் எலும்புகள் இரண்டும் முறிந்தன, திரும்பி ஆடப் பத்து மாதம் ஆனது. டெய்லருக்கு ரெட் கார்டு. அவர் பெயரைச் சொன்னாலே அயர்லாந்தில் பலருக்கு இன்றைக்கும் ஞாபகம் வருவது அந்தக் கோலோ லைனில் தடுத்த பந்தோ இல்லை. மோசமான டேக்கிள்தான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒரு மனிதரை நம்முடையவர் என்று சொந்தம் கொண்டாடினால் அதையும் சேர்த்துத்தான் கொண்டாட வேண்டியிருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஆஸ்டன் வில்லாவுக்குப் போயிருந்தார். 2019-இல் வெம்ப்ளியில் டெர்பியை 2-1 என்று வென்று வில்லா பிரீமியர் லீகுக்குத் திரும்பியபோது லெஃப்ட் பேக்காக ஆடினார், எட்டு வருஷம் முன்னால் தவறவிட்ட அதே பிளே-ஆஃப் இறுதி. கடைசியாகக் கொஞ்ச நாள் மிடில்ஸ்பரோ. 2022-இல், 33 வயதில், ஓய்வு.

இந்தக் கதையில் இந்தியா எங்கே வருகிறது சொல்லுங்கள். அம்மாவிடம் வருகிறது. வீட்டுக்குள் வருகிறது, சாப்பாட்டில், பாட்டி தாத்தா பேச்சில் வந்திருக்கும். அது அவருடைய சொந்த விஷயம், அழகான விஷயம், அதில் சம்மேளனத்துக்குப் பங்கு கேட்க எதுவும் இல்லை. கால்பந்தில் எங்கே வருகிறது? வரவே இல்லை. ரூதினும் ரெக்ஸமும் ஸ்வான்சியும் செய்த லெஃப்ட் பேக் அவர்.

இனி என் வீட்டுக் கதை. நீளமாக இல்லை.

என் அண்ணன் மகன். இடது கால்காரன். எட்டு வயதிலிருந்து நான்தான் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். பதினாலு வயதில் ஒரு கிளப்பின் அகாடமி எடுத்தது, பெயர் வேண்டாம். தெருவே கொண்டாடியது, அண்ணி எல்லா வீட்டுக்கும் கேசரி கொடுத்தார். இரண்டரை வருஷம். பதினேழு நெருங்கும்போது ஒருநாள் போன், அடுத்த வருஷ லிஸ்டில் இல்லை என்று. திட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்கள். மான்செஸ்டர் சிட்டி டெய்லரிடம் சொன்னதும் அதேதானே, அதில் எனக்குக் கோபம் இல்லை. எல்லாப் பையனையும் எல்லா அகாடமியும் வைத்துக்கொள்ள முடியாது.

மறுநாள் காலையில் அவன் ஸ்டட்ஸ் போட்டுக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தான். எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். அந்த உருவம் எனக்கு மறக்கவில்லை. சாக்ஸை முழங்கால் வரைக்கும் இழுத்துவிட்டு, லேஸ் கட்டி, தண்ணி பாட்டிலோடு. அவனைக் கூட்டிப்போக ஒரு ரெக்ஸம் எனக்குத் தெரியவில்லை. விசாரித்தேன். ஒரு இடத்தில் லீக் எப்போது தொடங்கும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. இன்னொரு இடத்தில் தொடங்கினால் சில வாரத்தில் முடிந்துவிடுமாம், மீதி மாதமெல்லாம் சும்மா. மூன்றாவது இடத்தில் பழைய கிளப்பிலிருந்து ஒரு காகிதம் வேண்டும் என்றார்கள், அந்தக் காகிதம் வர ஐந்து மாதம் ஆனது. அதற்குள் அவன் ஒரு கூரியர் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். இப்போது பத்தொன்பது. டெய்லர் ஐந்தாம் டிவிஷனில் முரட்டு ஃபார்வர்டுகளிடம் இடி வாங்கிக்கொண்டிருந்த வயது.

என் அண்ணன் மகன் டெய்லர் ஆகியிருப்பான் என்று சொல்லவில்லை. சித்தப்பாவுக்கும் கொஞ்சம் கண் தெரியும். ஆகியிருப்பானா மாட்டானா என்று கண்டுபிடிக்கக்கூட இங்கே வழி இல்லை என்றுதான் சொல்கிறேன்.

ஓ.சி.ஐ. விஷயத்துக்கு வருகிறேன், நான் எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, ஓ.சி.ஐ. அட்டை குடியுரிமை ஆகாது, இந்தியக் கடவுச்சீட்டு இல்லாதவர் இந்தியாவுக்கு ஆட முடியாது என்று 2008 இறுதியில் விளையாட்டு அமைச்சகம் முடிவெடுத்தது. வங்கதேசத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. சரி. ஆனாலும் வந்தவர்கள் இருக்கிறார்கள். அராட்டா இசுமி, அப்பா இந்தியர், அம்மா ஜப்பானியர், புனேயில் வருஷக்கணக்காக ஆடி, இங்கேயே வாழ்ந்து, ஜப்பான் குடியுரிமையை விட்டுக்கொடுத்து 2012-இல் இந்தியரானார், அடுத்த வருஷம் இந்தியாவுக்கு ஆடினார். ரயன் வில்லியம்ஸ் பெங்களூருவில் ஆடிக்கொண்டிருந்தபோதே ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டு 2025-இல் இந்தியரானார். இங்கிலாந்தில் ஆடிய இந்திய வம்சாவளி வீரர் மைக்கேல் சோப்ரா ஆசைப்பட்டார், பிரிட்டிஷ் கடவுச்சீட்டை விட வேண்டியிருந்தது, நடக்கவில்லை. கவனித்தீர்களா, நிஜமாக வந்த இரண்டு பேரும் இங்கே லீகில் ஆடி, இங்கே வீடெடுத்து, அதற்கப்புறம்தான் வந்தார்கள். முதலில் லீக், பிறகு கடவுச்சீட்டு.

ரொம்பத் தேட வேண்டாம், நம்மை வீட்டுக்கு அனுப்பியவரையே பாருங்கள். 2025 அக்டோபர் 14, கோவாவில் சிங்கப்பூர் நம்மை 2-1 என்று தோற்கடித்தது, அதோடு 2027 ஆசியக் கோப்பைக் கனவு முடிந்தது. அந்த இரண்டு கோலும் சோங் உயி-யங் போட்டவை. கொரியாவில் பிறந்தவர்தான். ஆனால் சின்ன வயதிலேயே சிங்கப்பூர் கிளப் ஒன்றுக்கு வந்து, ஏறத்தாழ பத்து வருஷம் அங்கேயே ஆடி, 2021-இல் குடியுரிமை வாங்கியவர். அவருக்கு ஆடுவதற்கு அங்கே ஒரு லீக் வருஷாவருஷம் இருந்தது.

நம் லீக்? 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். அடுத்த சீசனையே நிறுத்திவைத்தார்கள், பதினைந்து வருஷ ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, அதற்கப்புறம் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை என்பதால். நாட்டின் முதல் டிவிஷன் எப்போது தொடங்கும் என்று முதல் டிவிஷன் வீரனுக்கே தெரியாமல் இருந்த அதே மாதங்களில், வெளிநாட்டில் இருக்கிறவர்களைக் கூப்பிடப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம். வந்தால் எங்கே ஆடுவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையா?

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. 2047 வரைக்குமான தொலைநோக்கு அறிக்கை ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, அதில் இன்னொரு பக்கம் சேர்க்கச் சொல்லவில்லை. அகாடமியிலிருந்து அனுப்பப்படுகிற ஒவ்வொரு பையனும் பெண்ணும் அடுத்த மூன்று மாதத்தில் எங்கே பதிவாகிறார்கள் என்று பாருங்கள், பதிவு முறை முழுக்கக் கணினியில் உங்கள் கையில்தான் இருக்கிறது, யாரும் எங்கேயும் பதிவாகவில்லை என்றால் அந்த எண்ணிக்கையை வெளியிடுங்கள், எங்களுக்கும் தெரியட்டும். விடுவிப்புக் காகிதம் ஏழு நாளில் வராவிட்டால் தானாக விடுவிக்கப்பட்டதாக விதி வையுங்கள். மாநில லீக் நடத்துகிற சங்கத்திடம் குறைந்தது ஏழு மாதம் ஆட்டம் இருக்க வேண்டும் என்று கேளுங்கள், நடத்த முடியாதவர்களுக்கு ஏன் முடியவில்லை என்று உட்கார்ந்து பேசுங்கள், மைதானமா, ரெஃப்ரியா, பணமா. சின்ன கிளப் வளர்த்த பையனைப் பெரிய கிளப் எடுத்தால் காசு சின்ன கிளப்பின் கணக்குக்கு நிஜமாகவே போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். எங்கள் ஏரியா கிளப்பிலிருந்து என் நினைவுக்குத் தெரிந்து மூன்று பேர் மேலே போயிருக்கிறார்கள். வந்தது ஒரு பழைய பந்துப் பை, அதிலும் ஜிப் வேலை செய்யவில்லை.

நீல் டெய்லர் மாதிரி ஒருவர் நாளை நம்மைத் தேடி வந்தால் தாராளமாக வரட்டும், நானே சென்னை ஏர்போர்ட்டில் மாலையோடு நிற்பேன். ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போது கொல்கத்தாவில் ஆரம்பித்து துலூஸுக்குத் தாவாதீர்கள். நடுவில் ரெக்ஸம் என்று ஒரு ஊர் இருக்கிறது.

என் அண்ணன் மகனை இந்த மாதம்தான் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி மைதானத்துக்கு இழுத்து வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவனுக்கு லீவு. நான் லெஃப்ட் பேக்கை அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு உள்பக்கம் நகர்ந்துவிட்டேன், முழங்காலுக்கும் அது நல்லதுதான். ஆறரைக்கு ஆட்டம் தொடங்கிவிடும், எட்டு மணிக்கு மேல் கிரிக்கெட் பையன்கள் வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
வடசென்னையிலிருந்து ஒரு பழைய லெஃப்ட் பேக்